ஜிபிஐஎஃப் தளத்தில் ஒரு கடிக்காத பூச்சியைத் தேடினேன்

மீன் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு பிளட்வார்ம் தெரியும், உறைய வைத்த சிவப்புக் கட்டியாகக் கடையில் கிடைக்கும், ஃபைட்டர் மீனுக்கு அதைப் போட்டால் வேறெதையும் திரும்பிப் பார்க்காது. அது கைரோனமிட் என்ற பூச்சிக் குடும்பத்தின் புழு. வளர்ந்தால் அசல் கொசு மாதிரியே இருக்கும், ஆனால் கடிக்காது. இந்தக் குடும்பத்தில் ஒன்று அண்டார்டிகாவில் வாழ்கிறது என்று படித்துவிட்டு, எங்கே என்று பார்க்கப் போய்த்தான் ஜிபிஐஎஃப் (GBIF) என்ற உயிரினப் பதிவு இணையதளத்தில் விழுந்தேன்.

எந்த உயிர், எங்கே, எப்போது பார்க்கப்பட்டது என்ற பதிவுகளை உலகம் முழுக்க அருங்காட்சியகங்கள், ஆய்வாளர்களிடமிருந்து சேர்த்து வரைபடத்தில் புள்ளியாகக் காட்டுகிறார்கள். 2001இல் தொடங்கியது, அலுவலகம் கோபன்ஹேகனில், பதிவுகள் 200 கோடிக்கும் மேல், காசு கிடையாது. தமிழிலும் கிடையாது.

அந்த அண்டார்டிகாப் பூச்சியின் அறிவியல் பெயரான பெல்ஜிகா அண்டார்டிகா என்று அடித்தேன். முதலில் ஒன்றும் புரியவில்லை, தப்பு என்னுடையதுதான். வழக்கமான தட்டை வரைபடத்தில் அண்டார்டிகா அடியில் வெள்ளைப் பட்டையாக இழுபட்டுக் கிடக்கும். தென் துருவத்தை நடுவில் வைத்துப் பார்க்கும் வசதி அங்கேயே இருக்கிறது, அதற்கு மாற்றுங்கள். அப்போதுதான் தெரிகிறது, அத்தனை பெரிய கண்டத்தில் இந்தப் பூச்சிக்கு வாய்த்தது தீபகற்பத்தின் மேற்குக் கரையும் அதை ஒட்டிய தீவுகளும் மட்டுமே. இறக்கை கிடையாது, நீளம் அரை சென்டிமீட்டர் சுமார், இரண்டு வருடம் பாசியிலும் பறவை எச்சம் கலந்த மண்ணிலும் புழுவாகவே கிடந்து, பெரிதான பிறகு சில நாளில் செத்துப்போகும். 1897இல் கிளம்பிய பெல்ஜியக் கப்பலின் பெயர்தான் இதற்கு. ஒரு புள்ளியைத் தொட்டால் ஆண்டு, இடம், மாதிரி எந்த நிறுவனத்தில் இருக்கிறது என்றெல்லாம் விரியும். நான் ஒரு ராத்திரி முழுக்க இதையே தொட்டுக்கொண்டிருந்தேன்.

குறை இல்லாமல் இல்லை. புள்ளிகள் பெரும்பாலும் ஆய்வு நிலையத்துக்குப் பக்கமாகத்தான் விழும், ஏனென்றால் குப்பியோடு ஆள் போன இடம் அதுதான். அப்புறம் எரெட்மாப்டெரா மர்ஃபி என்று இதற்கு ஒரு சொந்தக்காரப் பூச்சி. தெற்கு ஜார்ஜியா தீவுக்குரியது, 1960களில் செடி நட்டுப் பார்க்கும் ஆராய்ச்சிக்காகக் கொண்டுபோன மண்ணோடு அண்டார்டிகா பக்கத்துச் சிக்னி தீவில் இறங்கிவிட்டது. எல்லாம் பெண், ஆண் இல்லாமலே முட்டையிடும், ஆகவே ஒன்று போதும். இப்படிக் குடியேறியதற்கும் பூர்வீகத்துக்கும் வரைபடத்தில் நிற வித்தியாசம் கிடையாது, பின்னணி தெரியாதவர் இரண்டையும் ஒன்றாகத்தான் நினைப்பார்.

தகவலைத் தரவிறக்க மட்டும் கணக்குத் தொடங்க வேண்டும், அதுவும் இலவசம். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தைரியமாகக் கொடுக்கலாம். என் மதிப்பெண் 5க்கு 4.

அந்த ஒரு மார்க் ஏன் குறைந்தது என்றால், கடைசியில் ஆசையாக எங்கள் ஊருக்கு வரைபடத்தை இழுத்துக் கைரோனமிட் குடும்பத்தையே போட்டுப் பார்த்தேன், சுத்தமாக வெறுமை. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவும்போதெல்லாம் அடிச் சேற்றில் சிவப்பாக நெளிவது எது? சரி, நாமே சேர்ப்போம் என்று நான்கைந்தை டம்ளரில் எடுத்துப் போட்டோ பிடித்தேன். பார்த்தவுடன் இனம் சொல்ல முடியாதாம், புழுவின் தலையைத் தனியாக எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பல்வரிசையைப் பார்க்க வேண்டுமாம். புழுக்கள் இப்போது ஃபைட்டர் வயிற்றில்.