வயிற்றில் பிள்ளை, கையில் துப்பாக்கி: சுடுதளம், காடு, ஏர் ரைஃபிள், எது எவ்வளவு பாதுகாப்பு?

2012 லண்டன் ஒலிம்பிக்கில் மலேசியாவின் நூர் சூர்யானி முகமது தைபி எட்டு மாத வயிற்றோடு 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் சுட்டார். 56 பேரில் 34ஆவது இடம். கர்ப்பமாக இருக்கும்போது துப்பாக்கி எடுக்கலாமா என்ற பேச்சு வந்தாலே அவர் பெயரும் வந்துவிடும். "எட்டு மாசத்தில் அவரே சுட்டார், உனக்கென்ன?" என்பார்கள் சிலர். "வெடிச் சத்தமே பிள்ளைக்கு ஆகாது" என்பார்கள் மற்றவர்கள். இரண்டு தரப்பும் துப்பாக்கி என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு வெவ்வேறு கருவிகளைப் பற்றிப் பேசுகின்றன. அவர் கையில் இருந்தது, அழுத்தி வைத்த காற்றால் சின்னக் குண்டைத் தள்ளும் ரைஃபிள். அதில் வெடிமருந்து கிடையாது, புகையும் கிடையாது. அதை வைத்து, மூடிய அறைக்குள் கைத்துப்பாக்கி சுடுவதற்கு ஒருவர் சமாதானம் தேடிக்கொண்டால் அது சரியான கணக்கு ஆகாது.

அதனால் ஒவ்வொரு வழியையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். பார்ப்பதற்கு இரண்டு அளவுகோல் முக்கியம்: ஈயம், சத்தம். விழுவது, நோய்த்தொற்று எல்லாம் வேட்டையில் மட்டும் வரும், அங்கே சொல்கிறேன்.

முதலில் ஈயம். பெரும்பாலான தோட்டாக்களில் குண்டு மட்டும் ஈயமாக இருப்பதில்லை. தோட்டாவைப் பற்றவைக்கும் பிரைமரிலும் ஈயச் சேர்மம் உண்டு. சுடும்போது அது கண்ணுக்குத் தெரியாத துகளாகவும் ஆவியாகவும் வெளியே வந்து மூச்சில், கையில், முடியில், துணியில் ஒட்டும். இரத்தத்தில் கலந்த ஈயம் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும். நஞ்சுக்கொடி அதைத் தடுப்பதில்லை. வளரும் மூளைதான் அதனால் அதிகம் அடிபடுகிறது. இவ்வளவு வரை இருந்தால் பாதுகாப்பு என்று சொல்லத்தக்க அளவு எதுவும் ஈயத்துக்கு இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, இரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் இருந்தாலே அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்த வேண்டும்.

பலருக்கும் தெரியாத ஒன்று உண்டு. பல வருடங்களாகச் சுட்டவரின் எலும்பில் ஈயம் சேர்ந்திருக்கும், கால்சியம் சேர்வதைப் போலவே. கர்ப்பத்தில் குழந்தைக்காக எலும்பிலிருந்து கால்சியம் கரையும்போது பழைய ஈயமும் கூடவே இறங்கி வரும். அதனால் "மூணு மாசமா நான் துப்பாக்கியைத் தொடவே இல்லை" என்பவரும் ஒருமுறை இரத்தத்தில் ஈய அளவைப் பார்த்துக்கொள்வது நல்லது. உணவில் கால்சியமும் இரும்புச்சத்தும் குறையாமல் இருந்தால் உடல் ஈயத்தை உறிஞ்சுவது குறையும்.

அடுத்தது சத்தம். சின்னத் தோட்டா போடும் .22 ரைஃபிளின் (குழல் விட்டம் 0.22 அங்குலம்) வெடியே 140 டெசிபெல்லை ஒட்டி வரும். சிறு குண்டுகளைச் சிதறவிடும் ஷாட்கன், பெரிய ரைஃபிள் என்றால் 150, 160ஐத் தாண்டும். டெசிபெல் கணக்கில் 20 கூடினால் ஒலியழுத்தம் பத்து மடங்கு. அம்மா காதுக்கு அடைப்பான் போட்டுக்கொள்ளலாம், அதற்கு மேல் காதை முழுக்க மூடும் மஃப் மாட்டலாம். வயிற்றுக்குள் இருக்கும் காதுக்கு என்ன மாட்டுவது? வயிற்றுச் சதையும் பனிக்குட நீரும் கூர்மையான ஒலியை ஓரளவு தடுக்கும். அடித்தொண்டையில் உறுமுவது போன்ற தாழ்ந்த அதிர்வெண் ஒலியோ பெரிதாகக் குறையாமல் உள்ளே போய்விடும். துப்பாக்கி வெடியில் அது தாராளமாக இருக்கிறது. குழந்தையின் உட்காது ஏறக்குறைய 20ஆவது வாரத்தில் உருப்பெறுகிறது. அதற்குப் பின் சில வாரங்களில் குழந்தை ஒலிக்கு அசையத் தொடங்குகிறது. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியாஷ், காதில் பாதுகாப்பு அணிந்திருந்தாலும்கூட 115 டெசிபெல்லுக்கு மேற்பட்ட சத்தத்தைக் கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும் என்கிறது. 2016இல் வெளிவந்த ஸ்வீடன் ஆய்வு 14 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவுகளைப் பார்த்தது. கர்ப்பத்தில் முழுநேரமும் 85 டெசிபெல்லுக்கு மேல் இரைச்சல் உள்ள இடத்தில் வேலை செய்த தாய்மாரின் பிள்ளைகளுக்குக் கேட்கும் திறன் குறைபாடு கூடுதலாக இருந்தது. அது நாள் முழுக்க ஓடும் இரைச்சல். நொடிப்பொழுது வெடியோடு அப்படியே ஒப்பிட முடியாது. ஆனாலும் வயிறு ஒரு சுவர் மாதிரி சத்தத்தைத் தடுத்துவிடும் என்ற நம்பிக்கை நிற்காது என்பதற்கு இது போதும்.

உள்ளரங்கமா, திறந்தவெளியா?

இதில் எனக்குத் தயக்கமே இல்லை. நெருப்புத் துப்பாக்கி, அதாவது வெடிமருந்தால் இயங்கும் துப்பாக்கி, சுடும் உள்ளரங்கத்துக்குக் கர்ப்பிணி போகக் கூடாது. சுட மட்டுமல்ல, கூட வந்து வேடிக்கை பார்க்கவும் வேண்டாம். காற்றோட்டம் நன்றாக இருக்கும் இடத்தில் புகை சுடுபவரிடமிருந்து இலக்குப் பக்கம் தள்ளப்படும். அப்படி இருந்தாலும் தரையில், மேசையில், கதவுப் பிடியில் ஈயத்தூள் படிந்தே இருக்கும். சத்தமும் சுவரில் பட்டுத் திரும்பி வரும். நீங்கள் .22 சுட்டுக்கொண்டிருந்தாலும் பக்கத்துத் தடத்தில் ஒருவர் பெரிய ரைஃபிளோடு வந்து நின்றால் உங்கள் கணக்கு அங்கேயே முடிந்தது.

"முகமூடி போட்டுக்கொள்கிறேன்" என்பவர்களுக்கு: முகமூடி மூச்சைக் காக்கும். கையில் ஒட்டியதை, துணியில் வீட்டுக்கு வந்ததை, பிறகு சாப்பிடும்போது வாய்க்குப் போவதை அது தடுக்காது. "ஈயமில்லாத தோட்டா" என்பவர்களுக்கு: அது உங்கள் தோட்டா, அரங்கில் படிந்த தூள் எல்லோருடையதும். சத்தமும் அப்படியே இருக்கிறது.

திறந்தவெளியில் புகை காற்றோடு போகும், எதிரொலி குறையும். தூரம் இரட்டித்தால் ஒலி சுமார் 6 டெசிபெல் இறங்கும் என்பதால் மற்றவர்களிடமிருந்து தள்ளி நிற்பதும் உதவும். ஆனால் உங்கள் கையில் இருக்கும் துப்பாக்கியிடமிருந்து தள்ளி நிற்க முடியாதே. சைலென்சர் 20 முதல் 30 டெசிபெல் வரை குறைக்கும். 160இல் தொடங்கினால் அப்போதும் 130இல்தான் நிற்கிறீர்கள். அதனால் திறந்தவெளி, உள்ளரங்கத்தைவிட எவ்வளவோ மேல் என்பது ஈயத்தைப் பொறுத்தவரை உண்மை. சத்தத்தைப் பொறுத்தவரை அது அரைகுறைத் தீர்வு. முதல் சில மாதங்களில், ஈயமில்லாத தோட்டாவோடு, கொஞ்சமாகச் சுடுவதை மருத்துவரிடம் கேட்டு யோசிக்கலாம். காது உருவான பிறகு நெருப்புத் துப்பாக்கி வேண்டாம் என்பதே என் கருத்து.

சுடும்போது துப்பாக்கி பின்னால் தள்ளும் பின்னுதையைப் பற்றி எல்லோரும் பயப்படுகிறார்கள். நான் அதைக் கடைசியில்தான் வைப்பேன். உதை வாங்குவது தோள், வயிறு இல்லை. மார்பு வலிக்கும், சமநிலை மாறியிருப்பதால் தள்ளாடும், அவ்வளவுதான். துப்பாக்கிக் கட்டையை இடுப்பிலோ வயிற்றிலோ முட்டுக்கொடுத்து மட்டும் சுடக் கூடாது.

சுடுதளமா, வேட்டையா?

வேட்டையை எடுத்த எடுப்பிலேயே ஆபத்து என்று ஒதுக்குகிறார்கள். கணக்குப் போட்டால் வேறு மாதிரி தெரியும். மான் வேட்டையில் நாள் முழுக்கக் காத்திருந்தாலும் ஒன்றிரண்டு வெடிதான், அதுவும் திறந்தவெளியில். அதற்கு முன்னால் சுடுதளத்தில் குறி சரிபார்க்கச் சுடும் தோட்டாக்களே அதிகம்! அந்த வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிட்டாலே பெரும் பகுதி குறைந்துவிடும். பறவை வேட்டை இதற்கு நேர்மாறு: ஷாட்கன், பக்கத்தில் நண்பர்கள், வெடிமேல் வெடி. சுடுதளத்துக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

காட்டில் உண்மையான ஆபத்து வெடியில் இல்லை. மரத்து மேல் கட்டிய பரணில் ஏறுவது, வழுக்கும் சரிவு, நீர்வற்றிப்போகும் நடை, உதவி வரத் தாமதமாகும் தூரம். வயிறு பெருத்தபின் உடலின் எடைமையம் முன்னால் போய்விடும், மூட்டுகள் தளரும். தரையில் மறைவிடம் அமைத்து, நாற்காலியில் உட்கார்ந்து, துணையோடு இருப்பது ஒன்று. தனியாகப் பரண் ஏறுவது வேறொன்று. பின்னதை எந்த மாதத்திலும் நான் ஒப்பமாட்டேன்.

அப்புறம் விழுந்த விலங்கு. வயிற்றைக் கிழித்துச் சுத்தம் செய்யும் வேலையை வேறு யாராவது செய்யட்டும். காட்டுப்பன்றியிலிருந்து புருசெல்லா என்ற கிருமி, முயலிலிருந்து துலரீமியா என்ற நோய், பல விலங்குகளின் இறைச்சியிலிருந்து டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி தொற்றலாம். இவை கருவையும் பாதிக்கக்கூடியவை. உண்ணி கடித்திருக்கிறதா என்று வீடு திரும்பியதும் உடம்பு முழுக்கப் பார்க்க வேண்டும்.

சுடாமலேயே வேட்டையிலிருந்து ஈயம் வரும் வழி ஒன்று உண்டு: தட்டு. ஈய ரைஃபிள் குண்டு எலும்பில் பட்டதும் பொடியாகச் சிதறும். காயத்திலிருந்து ஒரு சாண் தள்ளிய சதையிலும் கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் இருக்கும். கழுவினாலும் போகாது, வேகவைத்தாலும் போகாது. அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலம் 2008இலேயே, ஈயக் குண்டால் சுட்ட மான் இறைச்சியைக் கர்ப்பிணிகளும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளும் உண்ணவே கூடாது என்று அறிவுறுத்தியது. செப்புக் குண்டுக்கு மாறினால் இந்தப் பிரச்சினை இல்லை. மாறாதவர் கொடுக்கும் இறைச்சியை, எவ்வளவு அன்போடு கொடுத்தாலும், இந்த ஒன்பது மாதம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். எந்தக் காட்டு இறைச்சியானாலும் உள்ளே சிவப்பு தெரியாமல் வேக வேண்டும்.

ஏர் ரைஃபிள், வில், வெறும் துப்பாக்கி

விளையாட்டையும் பயிற்சியையும் விட மனமில்லாதவருக்கு நான் காட்டும் பக்கம் இதுதான். ஏர் ரைஃபிளில் பிரைமர் இல்லாததால் ஈயப்புகை கிடையாது; சத்தம் நெருப்புத் துப்பாக்கியோடு ஒப்பிட முடியாத அளவு குறைவு. குண்டு மட்டும் பெரும்பாலும் ஈயம். கையால் எடுத்துப் போடுவதால் விரலில் ஒட்டும், இலக்குப் பெட்டியில் தூள் சேரும். ஈயமில்லாத குண்டும் கிடைக்கிறது. எதுவானாலும் முடித்ததும் சோப்புப் போட்டுக் கை, முகம் கழுவாமல் எதையும் சாப்பிட வேண்டாம். நெருப்புத் துப்பாக்கியும் சுடப்படும் அரங்கில் இதைச் செய்தால் பயன் பாதியாகிவிடும்.

வில்லில் ஈயமும் இல்லை, வெடியும் இல்லை. ஜெர்மனியின் கொர்னேலியா ஃபோல் 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஏழு மாத வயிற்றோடு அம்பு எய்தார். நாண் வயிற்றையும் மார்பையும் உரசாமல் நிற்கப் பழக வேண்டும், வில்லை இழுக்கத் தேவைப்படும் இழுவை எடையைக் குறைக்க வேண்டும்.

தோட்டா இல்லாமல் விசை இழுத்துப் பழகுவதும் லேசர் கருவி வைத்துப் பழகுவதும் எந்த மாதத்திலும் முடியும். பழகும் அறையில் தோட்டாவே இருக்கக் கூடாது, துப்பாக்கியை ஏற்கெனவே வேறொருவர் துடைத்துச் சுத்தம் செய்திருக்க வேண்டும். துடைக்கும் வேலையைச் சின்ன விஷயமாக நினைக்கிறார்கள். குழலுக்குள் இருக்கும் கரியில் ஈயம் இருக்கிறது, துடைக்கப் பயன்படும் கரைப்பானின் ஆவியும் நல்லதல்ல.

கர்ப்பம் என்று தெரியாமல் முதல் வாரங்களில் சுட்டுவிட்டு இப்போது தூக்கம் வராமல் இருப்பவர்களுக்கு: அந்த வாரங்களில் குழந்தையின் காது கேட்கும் நிலைக்கு வரவே இல்லை, அதனால் சத்தத்தை நினைத்துக் கலங்க வேண்டாம். ஈயத்துக்கு இரத்தப் பரிசோதனை இருக்கிறது. மருத்துவரிடம் "துப்பாக்கி சுடுவேன்" என்று பொதுவாகச் சொல்லாமல், என்ன துப்பாக்கி, உள்ளேயா வெளியேயா, வாரத்துக்கு எத்தனை தோட்டா, எத்தனை வருடமாக என்று சொல்லுங்கள். முதல் அளவு கூடுதலாக இருந்தாலும், ஈயம் வரும் வழி அடைபட்டால் இரத்தத்தில் உள்ளது ஒரு மாதம் போலப் பாதியாகக் குறையும்; எலும்பில் ஈயம் சேர்ந்தவருக்கு இன்னும் மெதுவாகக் குறையும். மறுபடி பார்க்கும்போது அது தெரியும்.

நீங்கள் சுடாமல் கணவர் சுடுகிறவராக இருந்தால், மேலே சொன்ன ஈயக் கணக்கு அவருடைய காலணியிலும் சட்டையிலும் ஏறி வீட்டுக்குள் வருகிறது. அவர் வெளியிலேயே காலணியைக் கழற்றி, உடை மாற்றி, குளித்துவிட்டு உங்கள் பக்கம் வரட்டும். அந்தத் துணியைத் தனியாக, அவரே துவைக்கட்டும். குழந்தை பிறந்து தவழத் தொடங்கும்போது அதே தரையில்தான் கை வைத்து, அதே கையை வாயில் வைக்கப் போகிறது.