ஹாப் அடுப்பு மாட்ட வருபவருக்குப் பணம் கொடுக்கும் முன் தீயைப் பாருங்கள்

கோவையில் எங்கள் சமையலறையைப் புதுப்பித்தபோது பழைய இரண்டு பர்னர் அடுப்பை எடுத்துவிட்டு, மேடைக்குள் பதிக்கும் நாலு பர்னர் ஹாப் வாங்கினோம். விலை 18,500 ரூபாய். மாட்டிக் கொடுப்பது இலவசம் என்று கடையில் சொன்னார்கள். வந்த பையன் கிரானைட் வெட்டுகிற கூலி என்று 1,200 ரூபாய் வாங்கிக்கொண்டான், ரசீது கிடையாது. பணம் போனால் போகட்டும். அவன் செய்துவிட்டுப் போன வேலைதான் இன்னும் வயிற்றைக் கலக்குகிறது.

ட்யூபை மாட்டியதும் பாக்கெட்டிலிருந்து லைட்டரை எடுத்துப் பற்றவைத்து, இணைப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கசிவு பார்த்தான். பதறிப்போய்க் கேட்டால், “தினம் நாலு வீட்ல இப்படித்தான்க்கா பாக்கறேன்” என்கிறான். சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். அப்போதே அவனை நிறுத்தியிருக்க வேண்டும்.

மறுநாள் பால் வைத்தேன். தீ மஞ்சளாக, பாத்திரத்தின் விளிம்புக்கு மேல் எழும்பியது. இறக்கிப் பார்த்தால் அடியெல்லாம் மை மாதிரி கரி, தொட்டால் விரலில் அப்புகிறது. இட்லிப் பானை, குக்கர் எல்லாவற்றுக்கும் இதே கதி. போன் செய்தேன். “புது அடுப்பு அப்படித்தான்க்கா, பத்து நாள் எரிஞ்சா சரியாயிடும்.” நம்பினேன். நாற்பது நாள் வரும் சிலிண்டர் இருபத்தாறு நாளில் தீர்ந்தது. அடுத்த சிலிண்டர் மாட்டிய இரண்டாம் நாள் காலை, மேடைக்குக் கீழே உள்ள கதவைத் திறந்ததும் கேஸ் நாற்றம். ரெகுலேட்டரை மூடி, ஜன்னல்களைத் திறந்துவிட்டு, எந்த ஸ்விட்சையும் தொடாமல் வெளியே வந்து ஏஜென்சியைக் கூப்பிட்டேன்.

வந்த மெக்கானிக் பெரியவர். பர்னரைக் கழற்றி, கேஸ் வெளியே வரும் சின்னத் துளையுள்ள ஜெட்டைப் பார்த்தவுடனே, “இது பைப் கேஸுக்கு உள்ள ஜெட்டும்மா” என்றார். பைப்பில் வரும் இயற்கை எரிவாயுவைவிட சிலிண்டர் கேஸுக்கு, அதே அளவில், வெப்பம் இரண்டு மடங்குக்கும் மேல். அதனால் சிலிண்டருக்கு ஜெட்டின் துளை சிறிதாக இருக்க வேண்டும். பெரிய துளை வழியே கேஸ் அதிகமாக வந்து, காற்று போதாமல் அரைகுறையாக எரிகிறது. மஞ்சள் தீயும் கரியும் அதனால்தான். “அடுப்பு வந்த பெட்டி இருக்கா?” என்று கேட்டார். பரணிலிருந்து இறக்கினோம். தெர்மகோல் இடுக்கில் ஒரு சின்ன பிளாஸ்டிக் கவர், அதற்குள் சிலிண்டருக்கான பித்தளை ஜெட்டுகள். அந்தப் பையன் பெட்டியைச் சரியாகப் பார்க்கவே இல்லை.

கசிவு ட்யூபில். சாதாரணப் பச்சை ட்யூபை, வெட்டிய கிரானைட்டின் கூர் விளிம்பில் உரசும்படி விட்டிருந்தான், அந்த இடத்தில் கீறல். இப்போது ஏஜென்சியில் தரும் ஆரஞ்சு நிற சுரக்ஷா ட்யூப் போட்டிருக்கிறோம். உள்ளே கம்பி வலை உண்டு, ஐந்து வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். அதனால் கதவின் அடிப்பக்கம் காற்றுப் போக துளைகளும் போடச் சொன்னார்.

கடைக்காரரிடம் போனால் “மாட்டுனது எங்க ஆள் இல்லீங்க” என்கிறார். கம்பெனியில் கேட்டால் அவர்கள் ஆளும் இல்லையாம். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். 1,200 ரூபாய் இன்னும் திரும்பவில்லை.

புதிதாக ஹாப் மாட்டியவர்கள் இன்றைக்கே கீழ்க் கதவைத் திறந்து ட்யூப் எங்கே உரசுகிறது என்று பாருங்கள். நாற்றம் வந்தால் கேஸ் கசிவுக்கான அவசர உதவி எண் 1906-ஐக் கூப்பிடுங்கள், எந்த நேரமும் எடுப்பார்கள்.