மஸ்டர் ரோலா, பென்ஷன் கோப்பா? ஒரு புரட்சிப் போர்ச் சிப்பாயைத் தேடிய கதை

என் மனைவியின் குடும்பம் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் வூஸ்டர் பக்கம். அவர்களுடைய மூதாதை ஒருவர் அமெரிக்கப் புரட்சிப் போரில், 1775இல், பிரிட்டிஷ் படையை எதிர்த்துத் துப்பாக்கி தூக்கினார் என்று வீட்டில் சொல்வார்கள். மகள் பிறந்த பிறகு, அவர் யார் என்று உறுதியாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

இப்படித் தேடுகிறவர்களுக்கு இரண்டு முக்கிய வழிகள் உண்டு. ஒன்று, கம்பெனி என்ற சிறு படைப்பிரிவு வாரியாக ஆட்களைப் பதிந்த மஸ்டர் ரோல். மற்றொன்று, போர் முடிந்து பல்லாண்டு கழித்துச் சிப்பாய்கள் பென்ஷன் கேட்டுப் போட்ட மனுக்களின் கோப்பு. இரண்டையும் பார்த்துவிட்டேன். முதலில் பென்ஷன் கோப்பைத் தேடுங்கள் என்பதுதான் என் கருத்து.

இரண்டிலுமே பெரும்பகுதியை இணையத்தில் பார்க்கலாம், அதனால் செலவு ஒரு பிரச்சினை இல்லை. வேகத்தில் மஸ்டர் ரோல் முந்திக்கொள்ளும். மாசச்சூசெட்ஸ் அரசு தன் சிப்பாய்களின் பதிவுகளை அகர வரிசையில் 17 தொகுதிகளாக 1896 முதல் 1908 வரை அச்சிட்டிருக்கிறது. பெயரைப் பார்த்தால் ஊர், பதவி, கேப்டன், எத்தனை நாள் சேவை என்று நாலைந்து வரி கிடைத்துவிடும்.

சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. எங்கள் ஆளின் பெயரில் அதே ஊரிலிருந்து மூன்று பேர் இருந்தார்கள். அந்தக் காலத்து நியூ இங்கிலாந்தில் ஒரே சில பைபிள் பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வரும். 'ஜூனியர்' என்று போட்டிருந்தால் மகன் என்று அர்த்தமில்லை. ஊரில் அதே பெயருள்ள இருவரில் வயதில் இளையவர், அவ்வளவுதான். பெரியவர் இறந்துவிட்டால் நேற்றைய ஜூனியர் இன்றைக்கு சீனியர் ஆகிவிடுவார். மஸ்டர் ரோல் பெரும்பாலும் பெற்றோர் பெயரைச் சொல்லாது, மனைவி பெயரைச் சொல்லாது. நான் மூவரில் ஒருவரை எங்கள் ஆள் என்று நம்பி, ஒரு வருடம் வேறொரு குடும்பத்தின் வரலாற்றைத் தொகுத்துக்கொண்டிருந்தேன்.

பென்ஷன் கோப்பில் அந்த மனிதரே பேசுகிறார். 1832 சட்டப்படி, குறைந்தது ஆறு மாதம் சேவை செய்தவர்கள், உள்ளூர் மிலிஷியாக்காரர்கள் (ஊர்க்காரர்களே சேர்ந்த படையினர்) உட்பட, பென்ஷன் கேட்கலாம். கையில் தாள் எதுவும் இல்லாதவர்கள் நீதிமன்றத்தில் சத்தியம் செய்து, எங்கே பிறந்தேன், எப்போது படையில் சேர்ந்தேன், யார் கேப்டன், பிறகு எந்த ஊர்களில் வாழ்ந்தேன் என்று சொல்ல வேண்டும். எங்கள் ஆள் சொன்ன பிறந்த ஊரும் வருடமும் மூவரில் ஒருவருக்கு மட்டுமே பொருந்தின.

அவர் இறந்த பிறகு, 1838 சட்டத்தின் கீழ் மனைவியும் மனுப் போட்டிருந்தார். 1794க்கு முன் திருமணம் நடந்ததை நிரூபிக்க வேண்டியிருந்ததால், குடும்ப பைபிளில் பிள்ளைகளின் பிறந்த தேதி எழுதிய தாளையே கிழித்து அனுப்பியிருக்கிறார். அதில் நாலாவது பெயர், என் மனைவி இறங்கிவரும் கிளையின் பெண். அந்தத் தாளின் படத்தைப் பார்த்த இரவு எங்களுக்குத் தூக்கம் வரவில்லை.

கோப்பு எண்ணுக்கு முன்னால் உள்ள எழுத்தையும் கவனியுங்கள். எஸ் என்றால் சிப்பாய், டபிள்யூ என்றால் விதவை, ஆர் என்றால் நிராகரிக்கப்பட்டது. ஆர் என்று பார்த்ததும் விட்டுவிடாதீர்கள். நிராகரித்த மனுவிலும் குடும்ப விவரம் அப்படியே இருக்கும்.

குறையும் உண்டு. ஐம்பது வருடம் கழித்துச் சொல்வதால் மாதமும் கேப்டன் பெயரும் மாறிப்போகும். அதைச் சரிபார்க்க மஸ்டர் ரோல் வேண்டும். ஆனால் போர்த் துறை அலுவலகம் 1800 நவம்பரில் தீப்பிடித்ததில் ஏராளமான பதிவுகள் போய்விட்டன. அதனால் ரோலில் பெயர் இல்லை என்பதற்காக அவர் போருக்கே போகவில்லை என்று முடிவுகட்ட முடியாது. நான் தேடியது மாசச்சூசெட்ஸில் மட்டும்தான். தெற்கு மாநிலங்களில் இந்தக் கணக்கு வேறாக இருக்கலாம்.

இப்போது அவருடைய அப்பா பிரிட்டனும் பிரான்சும் வட அமெரிக்காவில் மோதிய 1754–63 பிரெஞ்சுப் போரில் இருந்தாரா என்று பார்க்கிறேன். 1832, 1838 சட்டங்கள் அந்தப் போருக்குப் பொருந்தாது. அதனால் இந்தத் தடவை மஸ்டர் ரோலும், உயில்களும், நிலப் பத்திரங்களும்தான் துணை.