பெட்டியைக் கூட்டுவதா, இடைவெளியைக் குறைப்பதா?

தவளக்குப்பம் நிறுத்தத்தில் காலை எட்டரை மணிக்கு நின்று பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. கடலூரிலிருந்து புதுச்சேரி போகும் பஸ் படிக்கட்டு வரை ஆள் நிரம்பி வருகிறது. முண்டியடித்து ஏறுகிறோம். அரியாங்குப்பம் வருவதற்குள் அதே தடத்தின் அடுத்த பஸ் பாதி இருக்கை காலியாக நம்மை முந்திக்கொண்டு போகிறது. முன்னால் வந்த பஸ் எங்கோ ஐந்து நிமிடம் தாமதப்பட்டிருக்கும். அந்த ஐந்து நிமிடத்தில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் கூடுதலாக ஆள் சேர்ந்தார்கள். ஆள் கூடியதால் நிற்கும் நேரம் கூடியது, அதனால் தாமதமும் கூடியது. பின்னால் வந்த பஸ்ஸுக்கு ஏற்றிக்கொள்ள ஆளே மிஞ்சவில்லை. இரண்டு பஸ்ஸிலும் சேர்த்துப் பார்த்தால் எல்லோருக்கும் இடம் இருந்தது. ஆனாலும் நாங்கள் தொங்கிக்கொண்டுதான் போனோம்.

மாதத்தில் இரண்டு முறையாவது கடலூரிலிருந்து சென்னைக்குப் போகிறேன். கிண்டியில் மெட்ரோவுக்கு மாறும்போதெல்லாம் இந்த பஸ் கணக்குதான் நினைவுக்கு வருகிறது. மெட்ரோவில் நெரிசல் என்ற பேச்சு எழுந்ததும் இரண்டு தீர்வுகள் சொல்லப்படுகின்றன. ஒரு சாரார் நான்கு பெட்டியை ஆறாக்கச் சொல்கிறார்கள். மறு சாரார் சிக்னலைப் புதுப்பித்து, வண்டிகளை இன்னும் நெருக்கமாக விடச் சொல்கிறார்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி போலப் பேசப்படுவதால், கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

ஒரு வண்டி போய்த் திரும்ப இரண்டு மணி நேரம் ஆகும் தடம் என்று வைத்துக்கொள்வோம். 5 நிமிடத்துக்கு ஒரு வண்டி விட 24 வண்டிகள் வேண்டும். நான்கு பெட்டி வண்டி என்றால் 96 பெட்டிகள். கூட்டம் ஏறிவிட்டது, இன்னும் 48 பெட்டிகள் வாங்குகிறோம். அவற்றை இருக்கும் வண்டிகளோடு இரண்டிரண்டாகக் கோத்தால் ஆறு பெட்டி வண்டிகள் 24 கிடைக்கும். தனி வண்டிகளாக விட்டால் நான்கு பெட்டி வண்டிகள் 36 ஆகும், இடைவெளி 3 நிமிடம் 20 விநாடியாகக் குறையும். இரண்டு வழியிலும் மணிக்கு 72 பெட்டிகள் ஒரு நிலையத்தைக் கடக்கின்றன. ஏறக்கூடிய ஆட்களின் எண்ணிக்கையும் ஒன்றுதான். பயணி காத்திருக்கும் நேரம் மட்டும் சராசரியாக 50 விநாடி குறைகிறது. அதற்கு விலையாகக் கூடுதலாக 12 வண்டிகளுக்கு ஓட்டுநர்கள் வேண்டும்.

பெட்டி வாங்காமல் நெரிசல் குறையாது என்பதுதான் இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் முதல் பாடம். சிக்னல் எவ்வளவு புதியதாக இருந்தாலும் அது ஒருவரையும் சுமந்து போகாது. பெங்களூருவின் மஞ்சள் வழித்தடம் 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்டபோது, ஓட்டுநர் இல்லாமலே வண்டி ஓட்டக்கூடிய நவீன சிக்னல் அங்கே தயாராக இருந்தது. கையில் இருந்த வண்டிகள் மூன்று. ஆகவே தொடக்கத்தில் 25 நிமிடத்துக்கு ஒரு வண்டிதான் ஓடியது.

பிறகு எதற்குத்தான் சிக்னல்? பழைய முறையில் தண்டவாளம் துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு துண்டில் ஒரு வண்டி இருக்கும்வரை அடுத்த வண்டி அதற்குள் வரக்கூடாது. முன்னால் போகும் வண்டி துண்டின் கடைசியில் இருந்தாலும் சரி, பின்னால் வருவது துண்டின் வாசலுக்கு வெளியிலேயே நின்றாக வேண்டும். சிபிடிசி எனப்படும் புதிய முறையில், ஒவ்வொரு வண்டியும் தான் இருக்கும் இடத்தை ரேடியோ மூலம் விடாமல் சொல்லிக்கொண்டே போகிறது. பின்வரும் வண்டி, முன்வண்டியின் வாலிலிருந்து பிரேக் பிடித்து நிற்கத் தேவையான தூரத்தை மட்டும் விட்டுவிட்டு நெருங்கலாம். லண்டனின் விக்டோரியா தடத்தில் 2017 முதல் நெரிசல் நேரத்தில் மணிக்கு 36 வண்டிகள் ஓடுகின்றன. அதாவது 100 விநாடிக்கு ஒன்று. அந்த எண்ணிக்கையை எட்ட சிக்னல் மட்டும் போதவில்லை. வால்தம்ஸ்டோ கடைசி நிலையத்தில் வண்டி தடம் மாறித் திரும்பும் இடத்தையும் செப்பனிட வேண்டியிருந்தது. நடுவழியில் எவ்வளவு நெருங்கி வந்தாலும், கோடியில் திரும்ப நேரம் பிடித்தால் வண்டிகள் வரிசையில் நிற்கும்.

நிலையத்தில் நிற்கும் நேரமும் அப்படித்தான். இடைவெளி 2 நிமிடத்துக்குக் கீழே போகும்போது, கதவு மூடாமல் போகும் பத்து விநாடிகூடப் பின்னால் வரும் வண்டிகள் அனைத்தையும் தடுக்கும். நீளமான வண்டிக்கு உள்ள மதிப்பு இந்த இடத்தில்தான் தெரிகிறது. பக்கத்துக்கு நான்கு கதவுகள் கொண்ட பெட்டி நான்கு என்றால் 16 கதவுகள், ஆறு என்றால் 24. அதே கூட்டம் கூடுதல் கதவுகளில் பிரிந்து ஏறினால் வண்டி சீக்கிரம் கிளம்பும். அந்த வகையில் நீளம் இடைவெளியையும் காப்பாற்றிக் கொடுக்கிறது. இதற்கு நேர்மாறான ஒரு குணமும் அதற்கு உண்டு. வண்டி நீளமானால் தடம் மாறும் இடத்தை அதன் வால் கடக்கச் சில விநாடி கூடுதலாகும்.

ஹாங்காங்கின் கிழக்கு ரயில் தடத்தில் 12 பெட்டி வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. 2021 பிப்ரவரியில் சிக்னலை மாற்றி, 9 பெட்டி வண்டிகளைக் கொண்டுவரத் தொடங்கினார்கள். துறைமுகத்துக்கு அடியில் நீட்டித்த தடத்தின் புதிய நிலையங்களில் 12 பெட்டிக்கு இடம் இல்லை. நீளத்தில் இழந்ததை எண்ணிக்கையில் ஈடுசெய்வதுதான் அங்கே வழி. லண்டனின் ஜூபிலி தடத்தில் இரண்டையுமே செய்தார்கள். 2005 டிசம்பரில் ஆறு பெட்டிகளோடு ஏழாவது சேர்ந்தது, 2011இல் புதிய சிக்னல் வந்தது. பெட்டி முதலில் வந்ததைக் கவனிக்க வேண்டும். பெட்டி சேர்க்கும் வேலையைச் சில நாட்களில் முடிக்கலாம். ஓடிக்கொண்டிருக்கும் தடத்தில் சிக்னல் மாற்றுவது இரவு நேரங்களிலும் வார இறுதிகளிலும் தடத்தை மூடி மூடி, ஆண்டுக்கணக்கில் செய்யும் வேலை.

இனி சென்னைக்கு வருகிறேன். நீல வழித்தடத்தில் நெரிசல் நேரத்தில் 6 நிமிட இடைவெளியும், வண்ணாரப்பேட்டைக்கும் ஆலந்தூருக்கும் நடுவே 3 நிமிட இடைவெளியும் என்ற முறையில் வண்டிகள் விடப்படுகின்றன. பாதி வண்டிகள் நடுவிலேயே திரும்பிவிடுகின்றன. கூட்டம் இருக்கும் பகுதிக்கு மட்டும் வண்டியைக் கூட்டும் இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்தமானது. இருக்கும் பெட்டிகளை வைத்து இதைவிட நல்ல பயன் காண்பது கடினம். இந்த நடுப்பகுதியில் மணிக்கு 20 வண்டிகள், 80 பெட்டிகள் போகின்றன. ஆறு பெட்டியாக்கினால் 120. நான்கு பெட்டியாகவே வைத்து 120ஐ எட்ட வேண்டுமானால் 2 நிமிடத்துக்கு ஒரு வண்டி விட வேண்டும். அதற்கு சிக்னல், திரும்பும் இடம், மின்சாரம், ஓட்டுநர் எல்லாவற்றிலும் கைவைக்க வேண்டும். மாறாக, முதல் கட்ட நிலையங்களின் நடைமேடைகள் ஆறு பெட்டிக்கு ஏற்ற நீளத்தில்தான் முதலிலேயே கட்டப்பட்டிருக்கின்றன. அந்தச் செலவு செய்தாகிவிட்டது. 2011இல் மூன்று பெட்டியோடு தொடங்கிய பெங்களூரு, 2018 ஜூனில் முதல் ஆறு பெட்டி வண்டியை விட்டது. அங்கேயும் நடைமேடை முன்பே காத்திருந்தது.

ஆகவே சென்னை நடுப்பகுதிக்கு ஆறு பெட்டிதான் என் தேர்வு. 3 நிமிடத்தை 2 ஆக்கினால் நான் மிச்சம் பிடிப்பது சராசரியாக அரை நிமிடம். கடலூரிலிருந்து நான்கு மணி நேரம் பஸ்ஸில் வந்தவனுக்கு அந்த அரை நிமிடம் பெரிதல்ல, பையைக் காலடியில் வைக்க இடம் கிடைப்பது பெரிது. ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது. பெட்டியைக் கூட்டிய கையோடு, அதுதான் இடம் கூடிவிட்டதே என்று 3 நிமிடத்தை நாலரை நிமிடமாக்கினால் மணிக்குப் போகும் பெட்டிகள் பழைய 80தான். நெரிசல் அப்படியே இருக்கும், காத்திருப்பு கூடியிருக்கும். விமான நிலையம் வரை போகிறவர்களுக்கோ இடைவெளி இன்னும் 6 நிமிடம். அவர்களுக்கு வேண்டியது கூடுதல் வண்டிகள். 6 நிமிடத்தை 4 ஆக்கப் புதிய சிக்னல் தேவையில்லை. அதே தடத்தில் ஏற்கெனவே 3 நிமிடத்துக்கு ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது.

எங்கள் பக்கத்துப் பாதைகளில் கணக்கு இன்னும் வெளிப்படை. விழுப்புரம்–புதுச்சேரி ரயில் பாதை 1879இல் திறக்கப்பட்டது, இன்றும் ஒற்றைப் பாதை. விழுப்புரத்திலிருந்து கடலூர் வழியாக மயிலாடுதுறை போவதும் ஒற்றைப் பாதையே. எதிர்வண்டி கிராஸிங் ஆகும்வரை நிலையத்தில் நிற்க வேண்டிய தடத்தில், எந்த நவீன சிக்னலும் வண்டிகளை 3 நிமிடத்துக்கு ஒன்றாக விட முடியாது. இரண்டாவது தண்டவாளம் வரும்வரை இங்கே பெட்டியைக் கூட்டுவது ஒன்றே வழி. அப்படிக் கூட்டும்போது நடைமேடைக் கூரையையும் கோடிவரை நீட்ட வேண்டும். சிறிய நிலையங்களில் நடுவில் கொஞ்ச தூரத்துக்குத்தான் கூரை இருக்கிறது. சித்திரை வெயிலில் எல்லோரும் அதன் கீழேதான் நிற்கிறார்கள், வண்டி வந்ததும் எதிரில் நிற்கும் இரண்டு பெட்டிகளில் ஏறிக்கொள்கிறார்கள். கடைசிப் பெட்டி காலியாகவே போகிறது.