செம்மண் மேல் படிந்த நீலம்: மியுரா கொஹெய்ஜியின் செலடான் கிண்ணம்

டோக்கியோவின் கியோபாஷி பகுதியில் உள்ள ஒரு பழங்கலைப் பொருள் கடையில், சென்ற இலையுதிர் காலத்தில் 48,000 யென் கொடுத்து வாங்கிய, சாக்கே எனப்படும் ஜப்பானிய அரிசி மது அருந்துவதற்கான சிறிய கிண்ணம் ஒன்றை ஆறு மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். ஏழு சென்டிமீட்டருக்கும் குறைவான வாயகலம் கொண்ட இக்கிண்ணத்தை உருவாக்கியவர், செலடான் எனப்படும், இரும்பு கலந்த கண்ணாடிப் பூச்சால் நீலமும் பச்சையுமாக நிறம் பெறும் மட்பாண்டக் கலைக்காக 1997இல் ஜப்பான் அரசால் 'வாழும் தேசியச் செல்வம்' என்று அறிவிக்கப்பட்ட மியுரா கொஹெய்ஜி. இந்த விலைக்கு இது தகுமா என்று நண்பர்கள் பலர் கேட்டார்கள். தகும் என்பதே என் பதில். ஆனால் அதற்கான காரணம் மேலே தெரியும் நீலத்தைவிட அதற்கு அடியில் இருக்கும் மண்ணில்தான் அதிகம் என்பதால், அவருடைய வரலாற்றையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும்.

மியுரா 1933இல் ஜப்பான் கடலில் உள்ள சாதோ தீவில், மட்பாண்டத் தொழில் செய்யும் குடும்பத்தில் பிறந்தார். சாதோ, 1601 முதல் ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகள் தங்கம் தோண்டி எடுக்கப்பட்ட தீவு. அதன் தங்கச் சுரங்கங்கள் 2024இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. அச்சுரங்கப் பகுதியில் கிடைக்கும், இரும்பு ஆக்சைடு மிகுந்த செம்மண்ணைக் கொண்டு செய்யப்படுவது 'முமியோய்' எனப்படும் சிவந்த மட்பாண்டம். சூளையில் வெகுவாகச் சுருங்கி, தட்டினால் உலோகம்போல் ஒலிக்கும் அளவுக்கு இறுகிப்போகும் மண் அது. வீட்டுத் தொழில் அதுவாக இருந்தும், மியுரா டோக்கியோ கலைப் பல்கலைக்கழகத்தில் படித்தது சிற்பக்கலை. அங்கேதான் காத்தோ ஹாஜிமே என்ற பெரும் மட்கலைஞரின் வழிகாட்டுதலில் அவர் மண்பாண்டத்துக்குத் திரும்பினார்.

அவருடைய வாழ்க்கையின் திருப்புமுனை தைவானின் தைப்பே அரண்மனை அருங்காட்சியகத்தில் நிகழ்ந்தது. சீனாவின் தென் சோங் அரச மரபு காலத்து அரசவைச் சூளைகளின் செலடான்களை அங்கே கண்ட அவர், அந்த ஆழ்ந்த நீலத்துக்கு அடியில் இருப்பது இரும்புச் சத்து நிறைந்த கருநிற மண் என்பதைக் கண்டுகொண்டார். வெண்மண் மீது பூசிய செலடான் வெளிச்சமாகவும் இனிமையாகவும் இருக்கும். இருண்ட மண் மீது பூசினால் அதே பூச்சுக்கு ஆழம் கூடுகிறது. அப்படி இரும்பு நிறைந்த மண் தம் பிறந்த ஊரிலேயே கிடைப்பதை உணர்ந்து, சாதோவின் செம்மண்ணை அடிப்படையாகக் கொண்டு செலடான் செய்யத் தொடங்கினார். 1976இல் ஜப்பான் மரபுக் கைவினைக் கண்காட்சியில் அவருடைய பெரிய செலடான் கிண்ணம் கல்வி அமைச்சர் விருதைப் பெற்றது.

செலடானின் நிறம் தனியே சேர்க்கப்படும் எந்த நீலச் சாயத்தாலும் வருவதில்லை. பூச்சில் ஒன்று முதல் மூன்று விழுக்காடு வரை இருக்கும் இரும்பு, 1,200 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பத்தில், காற்றுப் போக்கைக் குறைத்து வைத்த சூளைக்குள் ஆக்சிஜனை இழக்கும்போது பச்சையும் நீலமுமாக மாறுகிறது. காற்று தாராளமாகக் கிடைத்துவிட்டால் அதே பூச்சு மஞ்சளாகவோ பழுப்பாகவோ போய்விடும். அடியில் இருக்கும் சிவப்பும் மேலே படிந்த நீலமும் ஒரே இரும்பின் இரு நிறங்கள் என்பதை நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

இனி கிண்ணத்துக்கு வருகிறேன். பகல் வெளிச்சத்தில் சன்னல் அருகே வைத்துப் பார்த்தால், பலமுறை பூசித் தடித்த அந்தப் பூச்சு, தோல் உரித்த நுங்கைப்போல ஒளியைச் சற்று உள்ளே வாங்கி வைத்துக்கொண்டு மெல்ல வெளிவிடுகிறது. விளிம்பில் பூச்சு வழிந்து மெலிந்திருப்பதால், அடியில் உள்ள மண் ஊதா கலந்த பழுப்புக் கோடாக வாயைச் சுற்றி எட்டிப் பார்க்கிறது. கவிழ்த்தால், பூச்சுப் படாத அடிவளையம் துருவின் நிறத்தில் கரடுமுரடாக விரலில் உரசுகிறது. 'ஊதா வாய், இரும்புப் பாதம்' என்று சீனத்துச் சுவைஞர்கள் போற்றிய இலக்கணம் இதுதான். குளிரும்போது மண்ணைவிடப் பூச்சு அதிகமாகச் சுருங்குவதால் உண்டாகும் மயிரிழை விரிசல்கள் இரண்டு அடுக்குகளாக ஓடுகின்றன. ஒன்று மேற்பரப்பில், மற்றொன்று சற்று ஆழத்தில், சாய்த்துப் பிடித்தால் மட்டும் தெரியும்படி. அந்த இரண்டாவது அடுக்கைக் கண்டுகொள்ள எனக்கு மூன்று வாரங்கள் ஆயின.

புழக்கத்துக்கும் இது நன்றாகவே உகந்தது. அளவுக்கு மீறிய கனம் உள்ளது. ஆனால் கனம் அடியில் திரண்டிருப்பதால் கையில் நிலையாக அமர்கிறது. சிற்பம் படித்தவரின் கை என்பதை அந்த எடைப் பங்கீட்டில் உணர முடிகிறது. பயன்படுத்துமுன் சில நிமிடங்கள் நீரில் ஊறவைத்து எடுத்தால் விரிசல்களில் கறை ஏறுவது குறையும். கொதிக்கும் தேநீரை ஊற்ற எனக்கு மனம் வரவில்லை. குளிர்ந்த நீருக்கும் சாக்கேவுக்கும் மட்டுமே வைத்திருக்கிறேன்.

மியுரா ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் நெடும் பயணங்கள் செய்து, அங்கே கண்ட மனிதர்களையும் விலங்குகளையும் செலடான் மீது பலவண்ணத்தில் தீட்டியவர். செலடானுக்கு அலங்காரம் வேண்டாம் என்ற பழைய எண்ணத்தை மீறிய துணிச்சல் அது. பெரிய சாடிகளில், நீலம் வானமாக விரிய, அந்த உருவங்கள் அருமையாகப் பொருந்துகின்றன. சிறு கிண்ணங்களில் அதே ஓவியம் பூச்சின் ஆழத்தை மறைத்துவிடுகிறது என்பது என் கருத்து. கடையில் இரண்டு வகையும் இருந்தன. ஓவியம் உள்ளதன் விலை கூடுதல். நான் ஓவியமில்லாததை எடுத்ததற்காக ஒரு நாளும் வருந்தியதில்லை.

கடையைப் பற்றி ஒரு குறை சொல்லியாக வேண்டும். கலைஞரின் கையெழுத்தும் முத்திரையும் உள்ள மரப்பெட்டியை விரிவாகக் காட்டி விளக்கியவர்கள், அடிவளையத்தில் அரிசி முனையளவு பெயர்ந்திருந்த சில்லைப் பற்றி வாய் திறக்கவில்லை; வீட்டுக்கு வந்து துணியைப் பிரித்த பிறகே பார்த்தேன். மறுநாள் கேட்டபோது, பழைய பொருளில் அது இயல்பு என்று மட்டும் சொன்னார்கள். இயல்புதான், ஆனால் விற்குமுன் சொல்லியிருக்க வேண்டியது. எனவே, வாங்க நினைப்பவர்கள் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு முதலில் கிண்ணத்தைக் கவிழ்த்துப் பாருங்கள். அடிவளையத்தை விரலால் ஒரு சுற்று தடவுங்கள். பிறகு சன்னலோரம் கொண்டுபோய்ப் பார்க்க அனுமதி கேளுங்கள். கடையின் மஞ்சள் விளக்கில் இந்த நீலம் பாதிகூடத் தெரியாது.