கடலடிப் பாட்டும் ராவானும்: ரீப்பர் மென்பொருளுடன் எட்டு மாதங்கள்

வீடியோ விளையாட்டுகளின் இசையை எடுத்து வேறு தாளத்திலும் வேறு கருவிகளிலும் மறுபடி அமைக்கும் ரசிகர் ரீமிக்ஸ் வேலைக்கு எந்த மென்பொருள் ஏற்றது என்று, மொரிஷியஸ் தீவின் ரோஸ் ஹில்லில் என்னிடம் மிருதங்கம் கற்க வரும் பிள்ளைகள் அடிக்கடி கேட்கிறார்கள். எட்டு மாதங்களாக நான் பயன்படுத்தி வரும் ரீப்பர் என்ற இசைப்பதிவு மென்பொருளின் ஏழாம் பதிப்பைப் பற்றி அவர்களுக்குச் சொன்னதையும், சொல்ல மறந்ததையும் இங்கே எழுதுகிறேன். ரீமிக்ஸை உருவாக்க இதைவிட வசதியான மென்பொருள்கள் உண்டு. ஆனால் உருவான ரீமிக்ஸ் மூலப் பாட்டை என்ன செய்திருக்கிறது என்று நிதானமாகப் பிரித்துப் பார்க்க, நான் கையாண்டவற்றில் இதற்கு நிகரானது வேறில்லை.

விலையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எங்கள் தீவில் அதுதான் முதல் கேள்வி. சொந்தப் பயன்பாட்டுக்கும், ஆண்டு வருமானம் 20,000 டாலரைத் தாண்டாத சிறு தொழிலுக்கும் உரிமம் 60 டாலர், அதாவது சுமார் 2,700 மொரிஷியஸ் ரூபாய். பெரிய வணிகப் பயன்பாட்டுக்கு 225 டாலர். இரண்டு உரிமங்களிலும் மென்பொருள் ஒன்றே. எந்த வசதியும் பூட்டி வைக்கப்படவில்லை. 60 நாட்கள் முழுமையாகப் பயன்படுத்திப் பார்த்த பிறகு பணம் கட்டினால் போதும். அந்தக் கெடு முடிந்தபின்னும் மென்பொருள் நின்றுவிடாது. திறக்கும்போது நினைவூட்டும் பலகை ஒன்று சில நொடிகள் முகத்துக்கு நேரே நிற்கும். கடன் கொடுத்தவர் வாசலில் வந்து ஒன்றும் பேசாமல் நிற்பது போன்ற அந்தக் காட்சியை மூன்று வாரம் சகித்துவிட்டு, நானே வெட்கப்பட்டுப் பணம் கட்டினேன். ஏழாம் பதிப்புக்கு வாங்கிய உரிமம் எட்டாம் பதிப்பு முழுவதற்கும் செல்லும்.

இந்த மென்பொருளை எழுதிய ஜஸ்டின் ஃபிராங்கல்தான் 1997இல் வின்ஆம்ப் என்ற பாட்டுக் கேட்கும் மென்பொருளை வெளியிட்டவர் என்பது இந்தத் துறைக்கு மிகப் பொருத்தமான செய்தி. பழைய விளையாட்டுக் கருவிகளின் இசைக் கோப்புகளைக் கணினியில் கேட்க விரும்பியவர்கள், வின்ஆம்ப்பில் அதற்கான செருகுநிரல்களை, அதாவது மென்பொருளோடு இணைக்கும் துணை நிரல்களை, சேர்த்துக்கொண்டு இரவு முழுவதும் கேட்ட காலம் ஒன்று இருந்தது. அவ்வாறு கேட்டவர்களில் பலர்தான் பிறகு ரீமிக்ஸ் செய்யத் தொடங்கினார்கள்.

விண்டோஸுக்கான நிறுவல் கோப்பு 20 மெகாபைட்டுக்கும் குறைவானது. என் வீட்டிலுள்ள பழைய மடிக்கணினியிலும் அது தயக்கமின்றி ஓடுகிறது. இவ்வளவு சிறியதாக இருப்பதற்கு என்ன விலை கொடுத்திருக்கிறார்கள் என்பது உள்ளே நுழைந்தவுடன் புரிந்துவிடும்: இதில் வாத்தியங்களே இல்லை என்று சொல்லலாம். எளிய சின்தசைசர் ஒன்றும், ஒலித்துண்டுகளை மிடி எனும் கணினிச் சுரக்குறிப்புகளால் இசைக்க வைக்கும் கருவி ஒன்றும் உண்டு. பியானோ, வயலின் போன்ற எவையும் இல்லை. அவற்றை இலவசமாகக் கிடைக்கும் செருகுநிரல்களிலிருந்து நாமே தேடிச் சேர்க்க வேண்டும். மேக் கணினி வைத்திருக்கும் பிள்ளை கராஜ்பேண்ட் என்ற இசை மென்பொருளைத் திறந்த பத்தாவது நிமிடத்தில் ஏதோ ஒரு பாட்டை ஒலிக்கச் செய்துவிடும். ரீப்பரில் அதே பிள்ளை முதல் மாலை முழுவதையும் பதிவிறக்கத்தில் கழிக்கும். பொறுமை குறைந்தவர்களுக்கு நான் இதைப் பரிந்துரைப்பதில்லை.

நான் எடுத்துக்கொண்ட பாட்டு, 1985இல் வெளிவந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் விளையாட்டில் கடலுக்கு அடியில் நீந்தும் கட்டங்களுக்காகக் கோஜி கோண்டோ அமைத்தது. அதே விளையாட்டின் தரைக்கட்ட இசையை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2023இல் தன் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்தது. விளையாட்டு இசை அந்தப் பட்டியலில் இடம்பெற்றது அதுவே முதல் முறை. எனக்கு என்னவோ கடலடிப் பாட்டின்மீதுதான் ஆசை. அது மூன்று எண்ணிக்கையில் சுழலும் வால்ட்ஸ். எங்கள் தீவின் நாட்டுப்புற இசையான சேகாவோ ஆறு மாத்திரைகளை மூன்று மூன்றாக அடுக்கிச் செல்வது. கர்நாடக இசை கற்றவர்களுக்குச் சொல்வதானால், திஸ்ர நடையில் இரண்டு அட்சரம். இரண்டுக்கும் உறவு இருக்க வேண்டும் என்று வெகுநாளாக எனக்கு ஒரு சந்தேகம். (செகா என்ற ஜப்பானிய நிறுவனமும் விளையாட்டுக் கருவிகள் செய்தது என்பதால், இந்த முயற்சியைப் பற்றி வெளிநாட்டு நண்பர்களிடம் சொல்லும்போதெல்லாம் முதலில் ஐந்து நிமிடம் விளக்கம் கொடுக்க வேண்டியிருக்கிறது.)

மூலத்தைக் கேட்கும் கட்டத்திலேயே ரீப்பர் தன் தகுதியைக் காட்டியது. அந்தக் காலத்து நின்டெண்டோ கருவியின் ஒலிச்சில்லில் ஐந்து தடங்கள்: சதுர வடிவ அலைகள் இரண்டு, முக்கோண அலை ஒன்று, இரைச்சல் ஒன்று, பதிவு செய்த ஒலித்துண்டுக்கான தடம் ஒன்று. ஒவ்வொரு தடத்தையும் தனியே ஒலிக்கவிடும் இலவச இயக்கிகள் இருப்பதால், மெல்லிசையையும் துணைச் சுரத்தையும் அடிச்சுரத்தையும் தனித்தனிக் கோப்புகளாக எடுத்து, ரீப்பரில் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினேன். டிராக்குகளுக்குத் தமிழிலேயே பெயர் எழுத முடிகிறது என்பது சிறிய மகிழ்ச்சி. அடிச்சுரத்தை ஒலிக்கும் முக்கோண அலைத் தடத்துக்கு ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் வசதி அந்தச் சில்லில் கிடையாது. ஒலிக்கும் அல்லது ஓயும், அவ்வளவுதான். ஆகவே அடிச்சுரத்துக்கு உயிர் கொடுக்க இசையமைப்பாளரிடம் இருந்த வழி, சுரம் எங்கே தொடங்கி எங்கே நிற்கிறது என்பது மட்டுமே. அலைவடிவத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் சுரங்களுக்கு இடையே விடப்பட்ட மௌனங்கள் வெள்ளை இடைவெளிகளாகத் தெரிகின்றன. மெய்யான பாஸ் கித்தாரில் அதே சுரங்களை வாசித்து அந்த இடைவெளிகளை நிரப்பிவிடும் ரீமிக்ஸ்கள் ஏன் கனத்துப் போகின்றன என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது. சேகாவிலும் முக்கோணம் உண்டு; ஆனால் அது இரும்புக் கம்பியை வளைத்துச் செய்தது, உச்சியில் கிணுகிணுப்பது. பெயர் ஒன்றாக இருந்தும் ஒன்று அடித்தளத்தையும் மற்றது கூரையையும் தாங்குகின்றன. அந்தப் பொருத்தத்தைப் பாட்டிலேயே பயன்படுத்தினேன்: அடிச்சுரம் ஓயும் இடங்களில் மட்டும் கம்பி ஒலிக்கிறது.

தாளத்தை மாற்றும் வேலைக்கு இரண்டு வழிகள் இருந்தன. வால்ட்ஸின் ஒவ்வொரு எண்ணிக்கையையும் ஒரு மாத்திரையாகச் சுருக்கி, இரண்டு சுற்றை சேகாவின் ஒரு சுற்றுக்குள் அடக்குவது ஒன்று. எண்ணிக்கை ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாத்திரை கொடுத்து, மெல்லிசை மூன்றாக நடக்க, சேகாவின் தோற்கருவியான ராவான் அதே நேரத்தை இரண்டாகப் பிளந்து நடப்பது மற்றொன்று. மிடித் துண்டைப் பிரதியெடுத்து, ஆல்ட் விசையை அழுத்தியபடி அதன் ஓரத்தைப் பிடித்து இழுத்து நீளத்தை இரட்டிப்பாக்கினால் இரண்டாவது வழி கிடைத்துவிடுகிறது. முதல் வழி துள்ளலாக இருந்தாலும் குழந்தைப் பாட்டைப் போல ஒலித்தது. இரண்டாவதில் மூன்றும் இரண்டும் உரசிக்கொள்ளும் இடத்தில்தான் சேகா பிறந்தது. இரண்டையும் ஒரே திட்டத்தில் பக்கத்தில் வைத்து மாறி மாறிக் கேட்க முடிந்திராவிட்டால், முதலாவதோடு திருப்திப்பட்டிருப்பேன்.

ராவான் ஆட்டுத்தோலால் ஆனது. வாசிக்கும் முன் தீயில் காட்டித் தோலை இறுக்க வேண்டும். அந்தச் சூடு தணியத் தணியச் சுருதியும் இறங்கும் என்பதால், பதிவை விரைவாக முடிக்க வேண்டியிருந்தது. ஏழாம் பதிப்பில் வந்துள்ள டிராக் லேன் வசதி இங்கே பெரிதும் கை கொடுத்தது: ஒரே டிராக்குக்குள் ஆறு முறை வாசித்ததை அடுக்கடுக்காக வைத்து, ஒவ்வொரு சுற்றுக்கும் நன்றாக விழுந்த பகுதியை மட்டும் விரலால் தடவுவதுபோலத் தேர்ந்தெடுத்து ஒட்டிக்கொள்ளலாம். பிறகு நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். பதிவு முடிந்தபின் டெம்போவை, அதாவது பாட்டின் வேகத்தை, சற்றுக் கூட்டினேன். ஒலித்துண்டுகள் டெம்போவோடு சேர்ந்து நீளவும் சுருங்கவும் வேண்டும் என்பதே இந்த மென்பொருளின் இயல்பான அமைப்பு என்பதைக் கையேட்டில் படிக்காமல் விட்டிருந்தேன். ராவானின் கூர்மையான அறை ஒலிகள் சுருக்கப்பட்டு, ஈரத்துணியில் அடித்ததுபோல மழுங்கிவிட்டன. திட்ட அமைப்பில் டெம்போ மாறும்போது துண்டின் இடம் மட்டும் மாறட்டும் என்று ஒரு தெரிவு இருக்கிறது. பதிவை ஒவ்வோர் அடியாக வெட்டிவிட்டு அதைத் தெரிவு செய்தால் அடி சிதையாமல் இடம் மட்டும் நகர்கிறது. தாளக்கருவி பதிவு செய்பவர்கள் இதை முதல் நாளே செய்துவிடுவது நல்லது.

இனி மதிப்பிடும் வேலை. விளையாட்டு இசை ரீமிக்ஸ்களுக்கென்று டேவிட் லாய்ட் 1999இல் தொடங்கிய ஓவர்கிளாக்ட் ரீமிக்ஸ் என்ற இணையதளம், வரும் பாடல்களை நடுவர் குழு ஒன்றைக் கொண்டு ஆராய்ந்தே ஏற்கிறது. மூலப் பாட்டு அடையாளம் தெரிய வேண்டும், ரீமிக்ஸில் அதுவே மேலோங்கி நிற்கவும் வேண்டும். அதே சமயம் மூலத்தை அப்படியே வேறு வாத்தியத்தில் ஒப்பித்ததாகவும் இருக்கக் கூடாது. இந்த இரு எல்லைகளுக்கு நடுவே உள்ள இடத்தைத்தான் ரீமிக்ஸ் செய்பவர் தேட வேண்டும். அதைச் செவியால் மட்டும் தீர்மானித்தால் நமக்குப் பிடித்த பாட்டுக்கு ஒரு நீதி, பிடிக்காததற்கு ஒரு நீதி என்று ஆகிவிடும். ஆகவே மாணவர்களின் ரீமிக்ஸ்களை நான் இப்படிக் கேட்கிறேன்: மேல் டிராக்கில் மூலம், கீழ் டிராக்கில் ரீமிக்ஸ். உரக்க ஒலிப்பது நன்றாக ஒலிப்பதாகத் தோன்றும் மயக்கம் எல்லாச் செவிக்கும் உண்டு என்பதால், முதலில் செவிக்கு எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதை அளக்கும் எல்.யூ.எஃப்.எஸ். அளவுகோலில் இரண்டின் ஒலியையும் சமப்படுத்திவிடுவேன். பிறகு ரீமிக்ஸில் மூலத்தின் மெல்லிசையோ அடிச்சுரமோ கேட்கும் ஒவ்வொரு பகுதிக்கும் வண்ணப் பட்டை ஒன்று இடுவேன். நேரடியாக வரும் இடத்துக்குப் பச்சை, உருமாறி வரும் இடத்துக்கு மஞ்சள். பட்டைகளின் நீளங்கள் தனிப் பலகையில் பட்டியலாகக் கிடைக்கின்றன. கூட்டிப் பார்த்தால் பாட்டின் எத்தனை பங்கு மூலத்துக்குக் கடன்பட்டிருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

என் மாணவர் ஒருவர் கொண்டுவந்த நான்கு நிமிட ரீமிக்ஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தபேலா, வயலின், கோயில் மணி என்று எல்லாம் இருந்தன. கேட்க இனிமையாகவும் இருந்தது. பட்டை போட்டுப் பார்த்தபோது மூலம் 41 நொடிகள் மட்டுமே வந்தது, அதுவும் முழுக்கப் பச்சை. அதாவது வந்த இடத்தில் மாற்றமே இல்லை, மாற்றம் செய்த இடத்தில் மூலமே இல்லை. நான் வாயால் சொல்லியிருந்தால் அவர் வருந்தியிருப்பார். திரையில் பட்டைகளைப் பார்த்தவுடன் அவரே சிரித்துவிட்டார். இன்னொரு மாணவியின் பாட்டில் பச்சை மிகக் குறைவு, மஞ்சள் ஏறக்குறைய முழு நீளமும் ஓடியது. இருந்தும் அதைக் கேட்டபோது எனக்குச் சலிப்பாக இருந்தது. காரணத்தை எந்தப் பட்டையும் காட்டவில்லை. மூன்றாம் நாள்தான் புரிந்தது: அவர் மெல்லிசையை அழகாக வளைத்திருந்தார், ஆனால் தொடக்கத்தில் இருந்த விசையே கடைசிவரை இருந்தது, ஓரிடத்திலும் பாட்டு மூச்சு வாங்கவில்லை. இதற்கு மென்பொருள் பொறுப்பாக முடியாது என்றாலும், வண்ணப் பட்டைகளைக் கண்டவுடன் மதிப்பீடு முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளும் சோம்பல் எனக்குள் வந்ததைச் சொல்லத்தான் வேண்டும்.

குறைகளில் பெரியது அதன் முகம். சாம்பல் நிறப் பெட்டிகளும், ஒன்றுக்குள் ஒன்றாக விரியும் பட்டியல்களும் முதல் வாரத்தில் அரசு அலுவலக வரிசையை நினைவூட்டும். செயல்களின் பட்டியலில் ஆயிரக்கணக்கான கட்டளைகள் இருக்கின்றன. தேடும் சொல் தெரிந்தவருக்கு அது புதையல், தெரியாதவருக்குக் காடு. பிரெஞ்சு மொழிப் பொதி கிடைக்கிறது. எங்கள் பிள்ளைகள் பள்ளியில் பிரெஞ்சு படிப்பதால் அதைச் சேர்த்துக் கொடுத்தேன், பாதித் தொல்லை தீர்ந்தது. தோற்றத்தை மாற்றும் தீம்கள் நிறைய உண்டு. நான் எதையும் மாற்றவில்லை, பழகிவிட்டது.

யாருக்கு வாங்கச் சொல்வேன் என்றால், சொந்தமாக ஒரு கருவியை வாசித்துப் பதிவு செய்பவர்களுக்கும், பிறர் செய்த ரீமிக்ஸ்களுக்குக் கருத்துச் சொல்லும் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் தயங்காமல் சொல்வேன். ஆயத்த ஒலிகளை அடுக்கி விரைவில் ஒரு பாட்டு முடிக்க வேண்டும் என்பவர்கள் அந்த 2,700 ரூபாயை வேறிடத்தில் செலவிடலாம். தபேலாக்காரர் தம் பாட்டைத் திருத்தி மறுபடி அனுப்பியிருக்கிறார். கோயில் மணி போய்விட்டது, தபேலா பாதியாகக் குறைந்திருக்கிறது. இதுவரை இட்ட பட்டைகளில் ஏழு மஞ்சள். இன்னும் கடைசி ஒரு நிமிடம் கேட்க வேண்டியிருக்கிறது.