ஐம்பது பேருக்குப் புல்ட் போர்க்: பன்னிரண்டு பந்திக்குப் பிறகு

நான் இருப்பது அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், ராலே பக்கம். எங்கள் தெருவில் ஜூன் மாதம் ஒரு கூட்டு விருந்து நடக்கும். எங்கள் கிரிக்கெட் குழுவுக்கு அக்டோபரில் சீசன் முடிவு விருந்து. 2018 முதல் இரண்டுக்கும் கறி, அதாவது மெல்ல வேகவைத்துப் பிய்த்த பன்றிக்கறியான 'புல்ட் போர்க்', என் பொறுப்பு. 2020இல் இரண்டுமே நடக்கவில்லை. அதைக் கழித்தால் 2024 வரை பன்னிரண்டு பந்தி. ஆள் கணக்கு முப்பதில் தொடங்கி இப்போது அறுபதைத் தொடுகிறது. செலவைத் தெருவே பங்கு போட்டுக்கொள்ளும், ஆனால் யாரும் கை நிறையத் தரமாட்டார்கள். அதனால் சிக்கனம் என்பது இங்கே விருப்பம் இல்லை, நிபந்தனை.

முதலில் ஊர் சமாச்சாரம். இந்த மாநிலத்தில் 'பார்பிக்யூ' என்பது வினைச்சொல் இல்லை, பெயர்ச்சொல். அடுப்பு மூட்டி ஹாட் டாக் சுடுவதை அந்தப் பெயரில் அழைத்தால் திருத்துவார்கள். பார்பிக்யூ என்றால் புகையில் மெல்ல வெந்த பன்றிக்கறி, அவ்வளவுதான். அதிலும் இரண்டு கட்சி உண்டு. கிழக்கே முழுப் பன்றி, வினிகரும் மிளகாயும் மட்டும். மேற்கே லெக்சிங்டன் பக்கம் தோள்பட்டைக் கறி மட்டும், வினிகரில் கொஞ்சம் தக்காளி கெச்சப்பும் சேரும். என் பக்கத்து வீட்டுப் பெரியவர் கிழக்கே கின்ஸ்டனில் பிறந்தவர். கெச்சப் பாட்டிலைப் பார்த்தாலே முகம் சுளிப்பார். எனக்கு இதெல்லாம் கற்றுக் கொடுத்தது அவர்தான். முழுப் பன்றிக்கு நம்மிடம் இடமும் இல்லை, துணிச்சலும் இல்லை. ஆகவே கறி லெக்சிங்டன் வழி, சாறு கின்ஸ்டன் வழி.

முதல் பந்தியின் கதையைச் சொல்லிவிடுகிறேன். முப்பது பேர், எட்டு பவுண்டு துண்டு இரண்டு. பவுண்டுக்கு ஒரு மணி நேரம் என்று எங்கோ படித்ததை நம்பி, விடியற்காலை 4 மணிக்கு அடுப்பில் ஏற்றினேன். ஒரு மணிக்குச் சாப்பாடு என்று எல்லோரிடமும் சொல்லியாயிற்று. 10 மணிக்குக் கறியின் உள் வெப்பம் 158 டிகிரி ஃபாரன்ஹீட். 11 மணிக்கும் 158. 12 மணிக்கும் 158. தெர்மாமீட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்து மாற்றிப் பார்த்தேன். கரியைக் கூட்டினேன், மூடியைத் திறந்து திறந்து மூடினேன், அதனால் இன்னும் தாமதம். 2 மணிக்குக் குழந்தைகளுக்குப் பீட்சா வரவழைத்தோம். கறி பதத்துக்கு வந்தபோது மாலை 6. பாதிப் பேர் வீட்டுக்குப் போயிருந்தார்கள். மீதிப் பேர் பீட்சா சாப்பிட்ட வயிற்றோடு, பாவம், நன்றாக இருக்கிறது என்று சொன்னார்கள்.

அது தெர்மாமீட்டரின் குற்றம் இல்லை. பெரிய துண்டு மெல்ல வேகும்போது 150 முதல் 170 டிகிரிக்குள் எங்கோ ஓரிடத்தில் மணிக்கணக்காக அப்படியே நிற்கும். இங்கே அதை 'ஸ்டால்' என்பார்கள். கொழுப்பு உருகுவதால் என்றுதான் நெடுநாள் பேச்சு. கிரெக் பிளாண்டர் என்ற இயற்பியலாளர் சோதித்துப் பார்த்து, காரணம் வியர்வை மாதிரியான ஒன்றுதான் என்று காட்டினார். மேற்பரப்பின் ஈரம் ஆவியாகிக் கறியைக் குளிர்விக்கிறது, அடுப்பு தரும் சூடும் அந்தக் குளிர்ச்சியும் சரிக்குச் சரி ஆகிவிடுகின்றன. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே கணக்குத்தான். ஆவியாக வழியில்லாமல் ஃபாயிலில் இறுக்கிச் சுற்றிவிட்டால் முள் மறுபடி ஏறும்.

அந்த மாலையில் எடுத்த முடிவு: பந்தி நாளில் கறி சமைப்பதில்லை. முந்தின நாளே, முடிந்தால் முந்தின வாரமே. புகை கமழ விருந்தினர் முன்னால் மூடியைத் திறக்கும் பெருமை போய்விடும், உண்மைதான். ஆனால் அதற்கப்புறம் பதினொரு பந்தியில் ஒரு நாள்கூடச் சாப்பாடு தாமதமானதில்லை.

இனிக் கடைக்கு. வாங்கவேண்டியது 'பாஸ்டன் பட்' என்ற துண்டு. பெயரைப் பார்த்துப் பின்பக்கம் என்று நினைக்காதீர்கள், அது தோளின் மேல்பகுதி. அதற்குக் கீழே முன்னங்காலோடு சேர்ந்தது 'பிக்னிக்'. விலை இன்னும் குறைவு, ஆனால் தோலும் எலும்பும் போகக் கையில் நிற்பது குறைவு. ஒருமுறை வாங்கினேன், மறுமுறை வாங்கவில்லை. எலும்போடு உள்ள பட் தள்ளுபடி வாரத்தில் பவுண்டு இரண்டு டாலருக்குள் கிடைக்கும்போது வாங்கி ஃப்ரீசரில் போட்டுவிடுவேன். எலும்பு நீக்கியது இரட்டைப் பொட்டலமாக வரும். அது உள்ளே வெட்டுப்பட்டுப் பிளந்து கிடக்கும், நூலால் கட்டாவிட்டால் ஓரங்கள் காய்ந்துபோகும். இன்னொன்று, சீட்டைப் படித்துவிட்டு வாங்குங்கள். உப்புத் தண்ணீர் ஏற்றிய கறியும் விற்கிறார்கள். தெரியாமல் அதை வாங்கி வழக்கமான உப்பைத் தடவி, 2019 அக்டோபரில் எல்லோரையும் தண்ணீர் குடிக்க வைத்தேன்.

ஆளுக்கு வெந்த கறி மூன்றில் ஒரு பவுண்டு என்று வைத்தால் ஐம்பது பேருக்குப் பதினாறு, பதினேழு பவுண்டு. வெந்து, எலும்பும் கொழுப்பும் போனால் பச்சைக் கறியில் ஏறத்தாழ 55 சதவீதம்தான் மிஞ்சும். எனவே முப்பது பவுண்டு வாங்கவேண்டும், அதாவது நான்கு பட். கடைசியாக நான் எழுதி வைத்த கணக்கு: கறி 54 டாலர், பன் 20, முட்டைக்கோஸும் மற்றதும் 12, வினிகர், மசாலா 10, கரி 18, அலுமினியத் தட்டுகள் 8. மொத்தம் 122, ஆளுக்கு இரண்டரை டாலருக்குச் சற்று கீழே. கவனித்தீர்களா, கறி பாதிக்கும் குறைவுதான். முதல் இரண்டு வருடம் கறியில் ஐந்து டாலர் மிச்சம் பிடிக்க மூன்று கடை ஏறி இறங்கிவிட்டு, பன்னைக் கண்மூடித்தனமாக விலையுயர்ந்த ரகத்தில் வாங்கிக்கொண்டிருந்தேன். சாதாரண மென்மையான பன்தான் இதற்குச் சரி. கெட்டிப் பன்னைக் கடித்தால் கறி பின்பக்கமாகப் பிதுங்கி மடியில் விழும்.

அடுப்பு, யாரோ வீடு மாறும்போது 40 டாலருக்குக் கொடுத்த 22 அங்குல 'வெபர் கெட்டில்' என்ற மூடி போட்ட கரியடுப்பு. 1952இல் ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர் உலோக மிதவையை வெட்டிச் செய்த அந்த உருண்டை வடிவம் இன்றும் பெரிதாக மாறவில்லை. கரிக்கட்டிகளை ஓரமாக இரண்டு வரிசை, இரண்டு அடுக்கு என்று முக்கால் வட்டத்துக்குப் பாம்பு போல அடுக்கி, ஒரு முனையில் மட்டும் எட்டுப் பத்துக் கட்டியைப் பற்றவைத்தால் மெல்ல நகர்ந்து நகர்ந்து எரியும். கரிமேல் ஆரம்பத்தில் புகைக்காக மூன்று நான்கு ஹிக்கரி மரக் கட்டை. நடுவில், கறிக்குக் கீழே, சொட்டும் கொழுப்பைப் பிடிக்க ஒரு தட்டு. அதை வைக்க மறந்தால் தீப்பிடிக்கும். 250 டிகிரியைச் சுற்றி நின்றால் போதும், 20 டிகிரி ஏறி இறங்கினால் பதறவேண்டாம்.

ஆனால் கெட்டிலில் இரண்டு பட்தான் வசதியாக உட்காரும். நான்கு வேண்டும் என்றால்? பெரிய அடுப்பு வாங்க ஆசைப்பட்டு விலையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். அப்புறம் கண்டுபிடித்ததுதான் இந்த ஏழு வருடத்தில் எனக்கு மிகவும் உதவியது. இரண்டு பட் துண்டுகளை ஆறு மணி நேரம் புகையில் வைத்து, ஃபாயிலில் சுற்றிச் சமையலறை ஓவனுக்கு மாற்றிவிடுவேன். இன்னும் இரண்டு பட் முழுக்க முழுக்க ஓவனிலேயே, மூடிய தட்டில், 275 டிகிரியில் வேகும். பிய்த்தபின் நாலையும் ஒன்றாகக் கலந்துவிடுவேன். புகைபிடித்த கரும் மேல்தோலை நறுக்கி எல்லாவற்றிலும் தூவினால் வாசனை சமமாகப் பரவும். பக்கத்து வீட்டுப் பெரியவர் 2021இல் ஒன்றும் சொல்லாமல் மூன்று தட்டு சாப்பிட்டார். மறுவருடம் என் காதருகே வந்து, இதில் ஓவன் பங்கு எவ்வளவு என்று மட்டும் கேட்டார். பாதி என்றேன். யாரிடமும் சொல்லாதே என்றார்.

காசு கொடுத்து வாங்கவேண்டிய ஒரே பொருள் நல்ல தெர்மாமீட்டர். முதலில் வாங்கிய மலிவான ஒன்று இரண்டாம் வருட மழையில் செத்தது, கம்பி சேரும் இடத்தில் தண்ணீர் போய்விட்டது. அடுத்து 35 டாலருக்கு வாங்கிய இரட்டைக் கம்பி இன்னும் ஓடுகிறது. பன்றிக்கறி 145 டிகிரியிலேயே சாப்பிடப் பாதுகாப்பானதுதான். ஆனால் அந்தச் சூட்டில் பிய்க்க முயன்றால் செருப்பு. தசையைக் கட்டி வைத்திருக்கும் கொலாஜன் கூழாகி விடுபட 195 முதல் 205 வரை போகவேண்டும். எண்ணைவிடக் கைப்பதம் மேல்: கம்பி வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கினால், தோள் எலும்பை இழுத்தால் சுத்தமாகக் கழன்று வந்தால், ஆயிற்று. ஒரு மணி நேரம் ஆறவிட்டு, பருத்திக் கையுறைமேல் ரப்பர் கையுறை போட்டுப் பிய்ப்பேன். கரடி நகம் போல ஒரு கருவி விற்கிறார்கள். வாங்கினேன், அலமாரியில் இருக்கிறது.

ஃபாயிலில் தேங்கும் சாற்றைக் கொட்டிவிடாதீர்கள். குளிரவைத்தால் கொழுப்பு மேலே உறையும், அதை எடுத்துவிட்டு அடியிலுள்ள சாற்றைக் கறியோடு சேர்த்து வைக்கவேண்டும். மறுநாள் சூடாக்கும்போது கறி காயாமல் இருப்பது அதனால்தான். பிய்த்த கறியைக் குவியலாக ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது, நடுவில் சூடு நின்றுவிடும். இரண்டு அங்குல உயரத்துக்கு மேல் போகாமல் தட்டுகளில் பரப்பி, இரண்டு மணி நேரத்துக்குள் 70 டிகிரிக்கு இறக்கி உள்ளே வைப்பேன். பந்தி நாளில் மூடிய தட்டோடு ஓவனில் 165 டிகிரி வரும்வரை சூடாக்கி, பிறகுதான் 18 குவார்ட் மின்சார ரோஸ்டருக்கு மாற்றுவது. ரோஸ்டர் 140க்கு மேல் சூட்டைக் காக்கும், அதற்கு மட்டும்தான் அது. குளிர்ந்த கறியை அதிலேயே போட்டுச் சூடேற்ற முயன்றால் நேரமும் போகும், வயிறும் போகும்.

ஃப்ரிட்ஜில் தூங்கிய கறியை எழுப்புவது வினிகர். நாலு கப் ஆப்பிள் சைடர் வினிகரில் இரண்டு மேசைக்கரண்டி மிளகாய்ச் செதில், ஒரு மேசைக்கரண்டி மிளகு, ஒன்றரை உப்பு, இரண்டு பழுப்புச் சர்க்கரை. ஒரு வாரம் முன்பே கலக்கி வைத்தால் காரம் இறங்கியிருக்கும். பாதியைக் கறியில் பிசிறி, பாதியை மேசையில் வைப்பேன். நம் ஆட்களுக்காகச் செதிலுக்குப் பதில் குண்டு மிளகாயை வறுத்து இடித்துப் போட்டு ஒருமுறை பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது, பெரியவர் மட்டும் அரை பாட்டில் தண்ணீர் குடித்தார்.

கிரிக்கெட் குழுவில் பன்றி சாப்பிடாதவர்கள் மூன்றில் ஒரு பங்காவது இருப்பார்கள். அவர்களுக்குக் கோழி, சைவர்களுக்குச் சுண்டல் மசாலா. தனி மேசை, தனி கரண்டி, தனி ஆள். இதை முன்கூட்டிக் கேட்டு எண்ணாமல் ஐம்பது பேருக்கும் பன்றி வாங்கினால் மிச்சம் மலைபோல் நிற்கும். 2022இல் நின்றது. இரண்டு பவுண்டுப் பைகளாக ஃப்ரீசரில் போட்டு, கிறிஸ்துமஸ் வரை பரோட்டாவுக்கு நடுவிலும் ஃபிரைட் ரைஸிலும் தீர்த்தோம். வீட்டில் இன்னும் சொல்லிக் காட்டுகிறார்கள்.

வரும் அக்டோபருக்கு 58 பேர், அதில் கறிக்கு 39. மூன்று பட் ஃப்ரீசரில் வந்து உட்கார்ந்தாயிற்று. மழைக்கு ஒரு தார்ப்பாய் வாங்கவேண்டும்.